பேய்த்தேர்: பாலையில் வண்டி ஓட்டுகிறவர்கள்

1

முன்னுரை கேட்டு வந்தார் நண்பர். ஸ்பைரல் பைண்டிங் போட்ட 60 பக்கக் கையெழுத்துப்படி. எங்கள் நல்லூரிலிருந்து புல்லட்டில் கிளம்பி, ராஜஸ்தானத்துத் தார்ப் பாலையைத் தொட்டு, மணாலி வழியாக லடாக் போய்த் திரும்பி வந்த 34 நாள் கதை. போகவர 7,000 கிலோமீட்டர். லடாக்கும் பாலைதான், குளிர்ப் பாலை. லே நகரத்தில் வருஷத்துக்கு 100 மில்லிமீட்டர் மழை பெய்தாலே பெரிய விஷயம். ஆக, இரண்டு பாலைகளைக் கடந்த பயணம். நண்பர் தொழிற்சங்கக்காரர். எங்கள் வாசிப்பு வட்டத்தில் மார்க்சியமும் அமைப்பியலும் பேசி, டீக்கடை பெஞ்சில் ராத்திரி பதினோரு மணிவரை சண்டை போட்டவர். பிரதியைச் சே குவேராவுக்குச் சமர்ப்பணம் செய்திருக்கிறார்.

இரண்டு தடவை படித்தேன். முன்னுரை வரவில்லை. வந்தது இதுதான். 'அடிச்சே எழுதுங்க, பரவால்ல, உள்ள அறுத்துப் பாக்காத எழுத்து எதுக்கு' என்று அவரே சொன்ன பிறகு எழுதுகிறேன். அவர் ஒருவரைப் பற்றியது மட்டுமல்ல இது. அவருடைய பிரதியில் உள்ள கோளாறு என்னுடைய வாசிப்பிலும் இருக்கிறது, இந்தப் பக்கங்களைப் புரட்டுகிற நம் பலருடைய வாசிப்பிலும் இருக்கிறது.

அவர் ஊரில் இல்லாத அந்த 34 நாளும் இன்னொரு பாலையிலிருந்து எனக்குக் குரல் வந்துகொண்டிருந்தது. எங்கள் தெருப் பையன். வளைகுடா நகரம் ஒன்றில் மோட்டார் சைக்கிளில் வீடுவீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. இடைவேளை கிடைக்கும்போது வாட்ஸப்பில் வாய்ஸ் போடுவான். அவனும் பாலையில்தான் வண்டி ஓட்டுகிறான். அவனும் பிறந்த ஊரை விட்டுப் போனவன்தான். தூரக் கணக்கு பார்த்தால் நண்பருடைய 7,000 கிலோமீட்டரை அவன் இரண்டு மாசத்துக்குள் ஓட்டி முடித்துவிடுவான்.

ஒன்றுக்குப் 'பயணம்' என்று பெயர். மற்றதற்கு 'வேலை' என்று பெயர். இந்தப் பெயரிடலை யார் செய்கிறார்கள், எப்படிச் செய்கிறார்கள்? என் கேள்வி இவ்வளவுதான்.

2

பாலைவனம், மோட்டார் சைக்கிள் என்று இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொன்னால் நம் ஆட்களுக்கு ஞாபகம் வருவது ஒரே புத்தகம். 1951 டிசம்பர் கடைசியில் அர்ஜென்டினாவின் கோர்தோபாவிலிருந்து இரண்டு பேர் கிளம்புகிறார்கள். ஒருவர் 23 வயது மருத்துவ மாணவர் எர்னெஸ்தோ குவேரா, இன்னொருவர் அவரைவிட மூத்தவரான அல்பெர்த்தோ கிரனாதோ. வண்டி, 1939ஆம் வருஷத்து நார்ட்டன் 500. அதற்கு வைத்த பெயர் லா பொதெரோசா. வல்லமை படைத்தவள் என்று அர்த்தம். அந்தப் பயணக் குறிப்புகள் சே கொல்லப்பட்டுக் கால் நூற்றாண்டு கழித்து, 1990களின் தொடக்கத்தில்தான் புத்தகமாக வந்தன. தமிழிலும் வந்தது. 2004இல் வால்டர் சாலஸ் படமாக எடுத்தார். அதற்குப் பிறகு அந்த மோட்டார் சைக்கிள் சட்டையில், சுவரில், பெட்ரோல் டேங்க் ஸ்டிக்கரில் எல்லாம் ஏறிவிட்டது.

நாம் இந்தப் புத்தகத்தை அட்டையிலேயே படித்து முடித்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றுகிறது. காற்றில் பறக்கிற முடி, முடிவில்லாத ரோடு, ரோட்டின் கடைசியில் புரட்சி. உள்ளே போய்ப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது. வண்டி விழுகிறது, எழுகிறது, கம்பி போட்டுக் கட்டப்படுகிறது, மறுபடி விழுகிறது. 1952 மார்ச் தொடக்கத்தில் சிலியில் ஒரேயடியாகப் படுத்துவிடுகிறது. லாரியில் ஏற்றி சாந்தியாகோவுக்குக் கொண்டுபோய் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். அதற்கு மேல் வால்பரைசோ, கப்பலில் ஒளிந்துகொண்டு அந்தோபகஸ்தா, அடகாமா பாலைவனம், பெரு, அமேசான் கரையில் சான் பாப்லோ தொழுநோயர் குடியிருப்பு, கராகஸ் என்று போகிற நீண்ட வழி பூராவும் மோட்டார் சைக்கிள் கிடையாது. உலகத்திலேயே வறண்ட பாலைகளில் ஒன்றான அடகாமாவுக்குள் அவர்கள் நுழையும்போது கையில் வண்டி இல்லை. லாரிக்காரனிடம் கை காட்டி, கெஞ்சி, ஏறிப் போகிறார்கள்.

வண்டி இருந்தவரைக்கும் அவர்கள் யார்? தெமூக்கோ நகரத்துப் பத்திரிகையில் தங்களைத் தொழுநோய் நிபுணர்கள் என்று செய்தி போட வைத்து, அந்தக் காகிதத்தைக் காட்டிச் சாப்பாடும் படுக்க இடமும் வாங்கிக்கொண்ட இரண்டு வசதியான வீட்டுப் பையன்கள். அதில் தப்பொன்றும் இல்லை, ஜாலியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பக்கங்களில் பார்க்கப்படுகிறவர்கள் இவர்கள். ஊர் இவர்களை வேடிக்கை பார்க்கிறது.

வண்டி போன பிறகு பார்வை திரும்புகிறது. பாக்கதானோவில் குளிர் நடுக்குகிற பாலை இரவில் ஒரு தம்பதியைச் சந்திக்கிறார்கள். கம்யூனிஸ்ட் என்பதற்காகச் சிறையில் கிடந்து வந்த சுரங்கத் தொழிலாளி, அவருடைய மனைவி. சிலியில் 1948லிருந்து கம்யூனிஸ்ட் கட்சி சட்டவிரோதம். எங்கேயும் வேலை கிடைக்காமல், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்பதால் மலைக்கு மேல் கந்தகச் சுரங்கத்துக்குப் போகிறார்கள். போர்த்த ஒரு துணி இல்லை. இவர்கள் தங்களிடம் இருந்த கம்பளிகளில் ஒன்றைக் கொடுக்கிறார்கள். அடுத்து சுகிகமாதா செம்புச் சுரங்கம். அமெரிக்கக் கம்பெனி அனக்கோண்டாவின் கையில் இருந்தது (1971இல்தான் அய்யெந்தே அரசு நாட்டுடைமையாக்கியது). வேலைநிறுத்தம் நெருங்கிக்கொண்டிருந்த நேரம். சுற்றிப் பார்த்துவிட்டுச் சீக்கிரம் கிளம்புங்கள் என்று நிர்வாகம் இவர்களைத் துரத்தாத குறை.

இந்தப் பிரதியில் பாலை என்பது மணல், நட்சத்திரம், தனிமை ஆகியவற்றின் பெயராக நிற்கவில்லை. செம்பும் கந்தகமும் வெட்டுகிற மனிதர்களின் பெயராக மாறுகிறது. அந்த மாற்றத்தைச் செய்தது எர்னெஸ்தோவின் அறிவு என்று நான் நினைக்கவில்லை. வண்டி போனதால் அவருடைய இடம் மாறியது. ஓட்டுகிறவன் என்ற இடத்திலிருந்து, ஏற்றிக்கொள்ளச் சொல்லிக் கேட்கிறவன் என்ற இடத்துக்கு. இடம் மாறியதும் கண்ணில் விழுவது மாறியது.

இதையும் புனிதப்படுத்த வேண்டாம். அந்தத் தம்பதிக்குப் புத்தகத்தில் பெயர் இல்லை. எர்னெஸ்தோ திரும்பிப் போய்ப் படிப்பை முடித்து டாக்டர் ஆக முடிந்தது. அவர்கள் கந்தகத்துக்குள் போனார்கள். திரும்பி வந்து எழுத முடிகிறவனுடைய பாலைதான் நமக்குக் கிடைக்கிறது. இந்தக் கோளாறு சேயிடமே இருக்கிறது என்றால் எங்கள் ஊர் நண்பரிடம் இருப்பதில் அதிசயம் என்ன?

3

'பாலைவனம்' என்ற சொல்லை நாம் ரொம்ப லேசாக எழுதிவிடுகிறோம். தொல்காப்பியம் முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் நான்குக்கும் நிலமும் தெய்வமும் சொல்கிறது. பாலைக்கு நிலம் சொல்லவில்லை. சிலப்பதிகாரத்தில் கோவலன், கண்ணகி, கவுந்தியடிகள் மூன்று பேரும் மதுரைக்கு நடந்து போகிற காடுகாண் காதையில், வழி சொல்ல வந்த மாங்காட்டு மறையோன் வாயிலாகத்தான் அந்த விளக்கம் வருகிறது: முல்லையும் குறிஞ்சியும் வெயில் கொடுமையில் தம் இயல்பு கெட்டு எடுக்கிற கோலம்தான் பாலை.

பள்ளிக்கூடத்தில் இதை மனப்பாடம் செய்து மார்க் வாங்கியதோடு விட்டுவிட்டோம். ஒரு கோட்பாடாக இதைப் படித்தால் என்ன ஆகும்? பாலை என்று ஒரு இடம் இல்லை. பாலை ஆதல் என்ற நிகழ்ச்சிதான் இருக்கிறது. அப்படியானால் பாலையைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'எவ்வளவு அழகு' என்பதல்ல. எது கெட்டு இப்படி ஆனது, யார் ஆக்கினார்கள் என்பது. மறையோனுக்கு அது வெயில். நமக்கு வெயில் மட்டும்தானா?

சங்கப் பாலையும் சுத்தமானது என்று சொல்ல மாட்டேன். பொருள் தேடிப் போகிற தலைவன் அங்கே நாயகன். அந்த நிலத்திலேயே கிடக்கிற எயினரும் மறவரும் வழிப்பறிக்காரர்களாக, பயமுறுத்துகிற பின்னணியாக ஆக்கப்படுகிறார்கள். ஆனாலும் அந்த மரபில் ஒரு விசேஷம் உண்டு. பாலைப் பாட்டில் பேசுகிற குரல் பெரும்பாலும் போகாதவர்களுடையது: தலைவி, தோழி, செவிலி, பெற்றவள். பட்டினப்பாலையில் போக வேண்டியவனே போகவில்லை என்று முடிவு செய்கிறான். அப்படிப் போகாமலிருந்தும் அது பாலைதான். போனவனுடைய சாகசத்தைவிட இருப்பவர்கள் மேல் அந்தப் பிரிவு என்ன செய்தது என்பதே அங்கே பொருள்.

நவீன பாலைக் கதையாடல் இதற்கு நேர் எதிர். 1986இல் வந்த பொத்ரியாரின் 'அமெரிக்கா'வை எடுத்துக்கொள்ளுங்கள். நம் சிறுபத்திரிகைக்காரர்களுக்குப் பிரியமான பெயர். அமெரிக்கப் பாலைகளில் கார் ஓட்டிக்கொண்டே போகிறார். அர்த்தங்கள் எல்லாம் உதிர்ந்துபோன வெறுமை என்று கிறங்குகிறார். அதே காலத்தில் நெவாடா பாலையில் அணுகுண்டு வெடித்துக்கொண்டிருந்தார்கள். 1951 முதல் 1992 வரை 928 சோதனைகள். அது மேற்கு ஷோஷோன் பழங்குடிகள் எங்கள் மண் என்று சொல்லிப் போராடிய நிலம். காலி என்று ஒருவன் தத்துவமாகச் சொல்கிறான். காலி என்றே ராணுவமும் சொல்கிறது. இரண்டு பேருக்கும் நோக்கம் வேறுதான். இரண்டு பேர் கண்ணிலும் ஆள் படவில்லை.

இங்கேயும் அதுதான் நடந்தது. 1974இலும் 1998இலும் பொக்ரான். மணல்வெளிக்கு நடுவே யாரும் இல்லாத இடம் என்று நாடு முழுக்கச் சொல்லப்பட்டது. பக்கத்திலேயே கேத்தோலாய் என்று ஒரு கிராமம் இருந்தது. நம் நண்பர் ஜெய்சல்மேருக்கு அந்த வழியாகத்தான் போயிருக்கிறார். அவருடைய பிரதியில் பொக்ரானுக்கு ஒரு வரி இருக்கிறது, போட்டோ எடுத்துக்கொண்டது பற்றி. 1998இல் குண்டுக்கு எதிராக விருத்தாசலத்தில் நோட்டீஸ் கொடுத்தவர் அவர். வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் அந்த நோட்டீஸ் எங்கே போனது?

டக்கார் ராலி இந்தக் கதையாடலின் உச்சம். 1977இல் தியரி சபீன் என்ற பிரெஞ்சுக்காரர் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் ஆப்பிரிக்கப் பாலையில் வழி தவறி, பிழைத்து வந்து, அந்த அனுபவத்தையே பந்தயமாக்கினார். 1978 டிசம்பர் 26இல் பாரிஸிலிருந்து முதல் கூட்டம் கிளம்பியது. பாதுகாப்புக் காரணத்தால் 2008 பந்தயம் ரத்தானது. 2009 முதல் 2019 வரை தென் அமெரிக்காவுக்குப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அங்கே அதே அடகாமா. ஆயிரக்கணக்கான வருஷத்துத் தரையோவியங்களும் தொல்லியல் தடங்களும் டயருக்கு அடியில் நாசமாகின்றன என்று சிலியின் தொல்லியலாளர்கள் சண்டை போட்டார்கள். 2020லிருந்து சவூதி. எந்தக் கண்டத்துக்கு வேண்டுமானாலும் பெயர்த்துக்கொண்டு போக முடிகிறது பாருங்கள்! பாலைக்கு ஊர் இல்லை, பெயர் இல்லை, ஆள் இல்லை என்று முடிவு கட்டிவிட்டால் பாலை எங்கே இருந்தால் என்ன? நம் ஒசூர் டிவிஎஸ் 2015இல் இதில் கலந்துகொள்ளத் தொடங்கியது என்பதில் நமக்கெல்லாம் கொஞ்சம் பெருமையும் உண்டு. நானும் அந்தச் செய்தியை ஆர்வமாகப் படித்தவன்தான்.

4

இனி நண்பருடைய பிரதி. நல்ல இடங்கள் இருக்கின்றன. மோரே சமவெளியில் சாயங்கால வெளிச்சம் பற்றி எழுதியிருக்கிறார். எனக்கு அப்படி எழுத வராது. ஆனால் வினைச்சொற்களைப் பாருங்கள்: கடந்தேன், வென்றேன், ஏறி அடித்தேன், விழவைக்கப் பார்த்தது விடவில்லை. இதெல்லாம் போர்க்களத்து வினைகள். வண்டியைப் பூராவும் 'இவள்' என்று எழுதுகிறார். இவள் முரண்டு பிடித்தாள், இவள் என்னைக் கைவிடவில்லை. லா பொதெரோசாவும் பெண்பால்தான். மனைவிக்கு 60 பக்கத்தில் இரண்டு இடம். ஒன்று, டாட்டா காட்டினார். இன்னொன்று, போனில் அழுதார். பழைய பாலைப் பாட்டில் பேசியது யார் என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம்.

'இவள்' எங்கே பிறந்தாள்? 1950களின் நடுவில் திருவொற்றியூரில் புல்லட் தயாராகத் தொடங்கியது. அதற்கான முதல் பெரிய தேவை ராணுவத்திலிருந்து, எல்லை ரோந்துக்கு. சுதந்திர வேட்கையின் சின்னம் என்று இன்று விற்கப்படுவது ராணுவ வண்டியாக இந்த மண்ணில் கால் ஊன்றியது. பிறகு ஆலை ஒரகடத்துக்கும் வல்லம் வடகாலுக்கும் விரிந்தது. 2018 செப்டம்பரில் ஒரகடம் பக்கம் ராயல் என்ஃபீல்டு, யமஹா, மியூங் ஷின் தொழிலாளர்கள் சங்க உரிமை கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது நம் நண்பர் விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் உண்டியல் குலுக்கினார். பிரதியில் வண்டிக்குத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. அது வானத்திலிருந்து இறங்கி வந்திருக்கிறது.

ரோடும் அப்படித்தான். ஒவ்வொரு கணவாய்க்கும் உயரம் போட்டிருக்கிறார். அந்த உயரத்தில் ரோடு போட்டது யார்? 1985லிருந்து அந்த வட்டாரத்து ரோடுகளை எல்லைச் சாலை அமைப்பின் ஹிமாங்க் திட்டம் பார்த்துக்கொள்கிறது. உம்லிங் லா கணவாயில் 5,798 மீட்டர் உயரத்தில் போட்ட ரோட்டுக்கு 2021இல் கின்னஸ் சாதனை கிடைத்தது. சாதனை அமைப்புக்கு. தார் காய்ச்சியது, கல் உடைத்தது பெரும்பாலும் ஜார்க்கண்டிலிருந்து வருகிற கூலிகள், அதிலும் தும்கா பக்கத்துச் சந்தால் ஆதிவாசிகள். 2020 ஊரடங்கில் அவர்கள் அங்கே மாட்டிக்கொண்டது தெரிந்துதான் மே 29இல் 60 பேரை ஜார்க்கண்ட் அரசு விமானத்தில் ஊருக்குக் கொண்டுவந்தது. அன்று ஒரு நாள் அவர்கள் செய்தி ஆனார்கள்.

லடாக் மக்கள் பிரதியில் சிரித்துக்கொண்டே இருக்கிறார்கள். 2019இல் யூனியன் பிரதேசமாக்கப்பட்டதிலிருந்து நிலத்துக்கும் வேலைக்கும் பாதுகாப்பாக ஆறாம் அட்டவணை கேட்டு அவர்கள் நடத்துகிற போராட்டம் ஒரு வரிகூட இல்லை. 2025 செப்டம்பர் 24இல் லேயில் நான்கு பேர் செத்தார்கள். இரண்டு நாள் கழித்து சோனம் வாங்சுக்கைத் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்து ஜோத்பூர் சிறைக்குக் கொண்டுபோனார்கள். குளிர்ப் பாலையிலிருந்து தார்ப் பாலையின் விளிம்புக்கு. நம் நண்பர் வண்டியில் போன திசைக்கு எதிர்த்திசை. அதற்குப் பயணம் என்று யாரும் பெயர் வைக்கவில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு 41ஆம் பக்கத்துக்கு வருகிறேன். பாங் தாண்டி கிளட்ச் கேபிள் அறுந்துவிடுகிறது. உபரி கேபிள் கூட்டாளியின் வண்டியில். அவர் முன்னால் போய்விட்டார். இரண்டரை மணி நேரம் ரோட்டோரம். தார் காய்ச்சுகிற டிரம் பக்கத்தில் நாலைந்து ரோடு வேலைக்காரர்கள். நெருப்புப் பக்கம் கூப்பிட்டு உட்காரவைத்துக் கட்டஞ்சாயா கொடுக்கிறார்கள். இவருக்கு இந்தி அரைகுறை, அவர்களுக்கும் அது சொந்த பாஷை இல்லை. எங்கிருந்து வருகிறாய் என்று கேட்கிறார்கள். சொல்கிறார். அவ்வளவு தூரமா என்று வாய் பிளந்துவிட்டு ஒருவர் கேட்கிறார்: இப்படி ஓட்டுவதற்கு உனக்கு என்ன கூலி தருகிறார்கள்?

நண்பர் இதை ஒரு ஜோக்காக நான்கு வரியில் எழுதிவிட்டு அடுத்த பாராவில் கேபிளை மாட்டிக் கிளம்பிவிடுகிறார்.

என்னைக் கேட்டால் 60 பக்கத்தில் உயிர் உள்ள கேள்வி இது ஒன்றுதான். கேட்டவர் அறியாமையில் கேட்கவில்லை. 1,500 மைல் தள்ளி வந்து பாலையில் கிடப்பதற்கு அவருடைய உலகத்தில் ஒரே காரணம்தான் உண்டு, கூலி. அந்த உலகத்திலிருந்து பார்க்கும்போது நம் பயணம் விளக்கம் தேவைப்படுகிற ஒரு பொருளாக மாறிவிடுகிறது. பார்க்கிறவர் பார்க்கப்படுகிறவர் ஆகிறார். பாக்கதானோவில் நடந்தது பாங்கிலும் நடந்திருக்கிறது, அதுவும் வண்டி நின்ற பிறகு. சேக்கு நார்ட்டன் திரும்ப ஓடவில்லை. நண்பருக்குக் கேபிள் வந்துவிட்டது. அதுதான் கஷ்டம்.

5

இப்போது எங்கள் தெருப் பையன். அவனுடைய அம்மா விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறை ஒன்றில் பொம்மைக்கு வர்ணம் தீட்டுகிறார். ஏஜெண்டுக்குக் கட்ட நகையும் போய், வட்டிக்கும் வாங்கி அனுப்பினார். அங்கே இறங்கியதும் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வண்டி வாடகை, போலீஸ் அபராதம், தாமத அபராதம் எல்லாம் பிடித்தம் போகக் கையில் வருவதைத்தான் அவன் சம்பளம் என்கிறான்.

அவன் வாய்ஸ்களைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். ஒன்று இப்படி: 'அண்ணே, மணி ரெண்டுண்ணே. ரோடு பூராத் தண்ணி நிக்கிற மாதிரி தெரியுது, கிட்டப் போனா ஒண்ணுமில்ல. ஹெல்மெட்டுக்குள்ள அரிசி போட்டா வெந்துரும். நம்மூரு அக்கினி நட்சத்திரம்லாம் இதுக்கிட்ட ஊட்டி.' இன்னொன்று: 'மணக்காத்து அடிச்சா முன்னாடி வண்டி தெரியாதுண்ணே. போன்ல ஆர்டர் மட்டும் தெரியும். ஆர்டரப் பாத்துக்கிட்டே போறதுதான்.'

ரோட்டில் தண்ணீர் போலத் தெரிவதற்குத் தமிழில் கானல் என்று பெயர். இன்னொரு பெயரும் உண்டு: பேய்த்தேர். பேய் ஓட்டிக்கொண்டு போகிற தேர். பாலையில் தூரத்தில் ஓடுகிற வண்டிக்கு நம் முன்னோர் வைத்த பெயர் அது. கிட்டே போனால் ஓட்டுகிறவனும் இருக்க மாட்டான், வண்டியும் இருக்காது. சாப்பாடு ஆர்டர் செய்துவிட்டுப் போனில் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறவருக்கு இவன் அப்படித்தான் தெரிகிறான். ஒரு சின்னப் புள்ளி நகர்ந்து நகர்ந்து வருகிறது. கதவைத் திறந்து பொட்டலத்தை வாங்கியதும் புள்ளி மறைந்துவிடுகிறது.

இந்தப் பேய்கள் ஒரு தடவை தெரியும்படி நின்றார்கள். 2022 மே மாதம் துபாயில் டெலிவரூ ஓட்டுகிறவர்கள், அடுத்து தலாபத் ஓட்டுகிறவர்கள், வண்டியை எடுக்க மாட்டோம் என்று உட்கார்ந்தார்கள். வேலைநிறுத்தம் சட்டப்படி குற்றமான நாடு. வண்டியை நிறுத்தியபோதுதான் உலகம் அவர்களைப் பார்த்தது.

'நீயும் எழுதுடா, டைரி மாதிரி' என்று ஒரு நாள் சொன்னேன். சிரித்தான். 'என்னத்தண்ணே எழுதுறது? ஒரே ரோடு, ஒரே லிப்ட். எழுதற மாதிரி எதாவது நடந்தா அன்னிக்கி நான் ஆஸ்பத்திரில இருப்பேன்.' இந்தப் பதிலுக்கு என்னிடம் கோட்பாடு எதுவும் இல்லை. பயணக் கதையாடலுக்குச் சம்பவம் வேண்டும். கூலிக்கு ஓட்டுகிறவனுக்குச் சம்பவம் நடக்காமல் இருப்பதுதான் வாழ்க்கை. திரும்பி வருவேன் என்று நிச்சயம் உள்ளவனுக்கே பாலை அழகாக இருக்கிறது. லீவு போட்டு, பேக்கப் வண்டி வைத்து, தவணை கட்டிப் பாலைக்குப் போகிறவர் 'தன்னைத் தேடிப் போனேன்' என்று எழுதுகிறார். அடுத்த தெருவில் பொருள் தேடிப் போனவன் தன்னைத் தொலைக்காமல் இருந்தால் போதும் என்று இருக்கிறான்.

6

நண்பரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நான் கை கழுவ முடியாது. எங்கள் ஊரிலிருந்து விருத்தாசலம் போய், அங்கிருந்து கிழக்கே பஸ் பிடித்தால் நெய்வேலி. 1956இல் நிலக்கரி நிறுவனம் வந்தது, அடுத்த வருஷம் தோண்டத் தொடங்கினார்கள். தோண்டி மேலே கொட்டிய மண் மலைமலையாக நிற்கிறது. அந்தச் சுரங்கத்திலிருந்து வந்த வெள்ளைக் களிமண் எங்கள் பகுதிப் பீங்கான் தொழிலுக்குச் சோறு போட்டது. ஃபியூஸ் கட்டை, இன்சுலேட்டர், பொம்மை எல்லாம் அதில்தான். மோட்டார் சைக்கிள் ப்ளக்கில் வெள்ளையாக இருக்கிறதே, அதுவும் பீங்கான் இனம்தான். 2023 ஜூலை 26இல் சேத்தியாத்தோப்புப் பக்கம் வளையமாதேவியில் பால் பிடிக்கிற நெற்பயிரில் மண்வாரி இயந்திரங்களை இறக்கி வாய்க்கால் வெட்டினார்கள். டிவியில் எல்லோரும் பார்த்தோம். மருதம் தன் இயல்பு கெட்டுப் பாலை ஆவதை நேரடி ஒளிபரப்பில் பார்த்த தலைமுறை நாம். மறையோன் சொன்ன விளக்கத்தில் வெயிலுக்குப் பதில் எதை எழுத வேண்டும் என்று அன்று தெரிந்தது. ஆனால் முப்பது வருஷமாக அந்த மண்மலையைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு போகிற நான் அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியதில்லை. எனக்கும் பாலை என்றால் தூரத்தில் இருப்பதுதான்.

மோட்டார் சைக்கிளில் தூரம் போகாதே என்று யாருக்கும் சொல்ல வரவில்லை. போங்கள். எல்லா ரோட்டையும் பார்க்கிற ஆசை மனுஷனுக்கு நியாயமானது. அது சம்பளக்காரனுக்கு மட்டும் கிடைக்கிறது என்பதுதான் அநியாயம். எழுதும்போது ரோடு போட்டவனும் வண்டி பூட்டியவனும் வழியில் சாயா கொடுத்தவனும் பக்கத்துக்குள் வந்தாக வேண்டும். வரவில்லை என்றால் நிலம் காலி என்று நாமும் கையெழுத்துப் போடுகிறோம். அந்தக் கையெழுத்தை யார் யார் எதற்கெல்லாம் பயன்படுத்துவார்கள் என்பது பொக்ரானிலும் வளையமாதேவியிலும் தெரிந்த விஷயம்.

இதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் நண்பரிடம் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, 'அந்தாளு கேட்டதுக்கு நான் என்ன பதில் சொன்னேன்னு எழுதலல்ல?' என்றார். 'என்ன சொன்னீங்க?' 'ஒண்ணும் சொல்லல. ஆபீஸ்ல அனுப்பிச்சிருக்காங்கன்னு பொய் சொன்னேன். கூலி இல்லாம வந்திருக்கேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு.'

அந்த வெட்கத்திலிருந்து புத்தகத்தைத் திரும்ப எழுதச் சொல்லியிருக்கிறேன். எழுதுவாரா தெரியாது. அடுத்த வாசிப்புக் கூட்டத்தில் 41ஆம் பக்கத்தை மட்டும் அவர் வாசிக்கட்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். தெருப் பையனுடைய வாய்ஸையும் அன்று போட்டுக் கேட்பதாக இருக்கிறோம். அவனிடம் அனுமதி கேட்டேன். 'போடுங்கண்ணே, ஆனா அம்மா இருந்தா அந்த ஆஸ்பத்திரி சமாச்சாரத்த மட்டும் போடாதீங்க' என்றான்.